பாறை தட்டும் வரை

1897 ஜூன் 12 மாலை ஐந்தேகால் மணி வாக்கில் ஷில்லாங் மேட்டுநிலம் குலுங்கியது. ஷில்லாங்கில் கல்லால் எழுப்பிய கட்டடங்கள் ஏறக்குறைய எல்லாமே தரைமட்டமாயின. கல்கத்தாவில்கூட வீடுகள் விரிசல் கண்டன. இறந்தவர்கள் 1,500 பேர் வாக்கில். 8-ஐத் தாண்டிய நடுக்கம் என்று இன்று கணக்கிடுகிறார்கள். அன்று, தொடர்ந்து பதிவெடுக்கும் நில அதிர்வு நிலையம் என்று இந்தியாவில் ஒன்றுகூட இல்லை. அந்த அலைகள் பூமிக்குள் ஓடி, இத்தாலியில் இருந்த ஊசல்களைப் போய் ஆட்டின. அந்தப் பதிவுகளை ஆராய்ந்துதான், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் இருந்த ரிச்சர்ட் டிக்சன் ஓல்டம், முதலில் வரும் அலை, அடுத்து வரும் அலை, கடைசியாக மேற்பரப்பில் உருண்டு வரும் அலை என்று மூன்றையும் பிரித்துக் காட்டினார். இன்றைக்கு உலகம் முழுவதும் பி என்றும் எஸ் என்றும் சொல்லும் பாகுபாடு அசாமின் இடிபாடுகளிலிருந்து கிடைத்தது. செத்தவர்கள் இங்கே, பதிவு அங்கே.

என் வேலைக்காலம் முழுவதும் இது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஹைதராபாத்தில் ஓர் ஆய்வு நிறுவனத்தின் களப்பிரிவில் இருந்தேன். நிலையம் அமைப்பதுதான் என் தொழில். இடம் பார்ப்பது, குழி வெட்டுவது, மேடை கட்டுவது, கருவியை இறக்குவது, பிறகு தாள் மாற்றவும் பேட்டரி மாற்றவும் போய் வருவது. நம் நாட்டில் இந்தத் தொழிலின் வரலாற்றைப் புரட்டினால், பெரும்பாலும் ஒரு பேரழிவைத் தொடர்ந்துதான் நிலையங்கள் வந்திருக்கின்றன. ஊர் விழுந்த பிறகே கருவி போயிருக்கிறது. பெரிய விலக்கு என்று சொல்லக்கூடிய இடம் கொய்னா. அதற்குப் பின்னால் வருகிறேன்.

ஓல்டமை எங்கள் தொழிலின் மூத்தவர் என்றே சொல்வேன். அவரிடம் கருவி இல்லை. விழுந்து கிடந்தவற்றையே கருவியாக்கிக்கொண்டார். கல்லறைத் தூண் எந்தப் பக்கம் சாய்ந்தது, எவ்வளவு தள்ளிப் போய் விழுந்தது, அதன் உயரத்துக்கும் அகலத்துக்கும் என்ன விகிதம் என்று அளந்தால், நிலம் எந்த வேகத்தில் உதைத்தது என்று கணக்குப் போடலாம். இன்று வங்கதேசத்தில் இருக்கும் சாத்தக் என்ற ஊரில் ஜார்ஜ் இங்கிலிஸ் என்பவருக்கு எழுப்பிய உயரமான நினைவுத்தூண் ஒன்று இருந்தது. நடுக்கத்தில் அதன் உச்சி முறிந்து விழுந்தது; மிச்சம் நின்றதும் இடையில் வெட்டுண்டு, அடித்துண்டின் மேலேயே சற்றுத் திருகி நின்றது. 1899இல் வந்த ஓல்டமின் அறிக்கையில் அந்தத் தூணின் படம் இருக்கிறது. மண்ணில் புதைந்து கிடந்த கற்கள் தம் பள்ளத்திலிருந்து எகிறி வெளியே விழுந்ததையும் எழுதியிருக்கிறார். கல் மேலே எகிற வேண்டுமென்றால், நிலத்தின் உதைப்பு புவியீர்ப்பையே மிஞ்சியிருக்க வேண்டும். ஒரு கம்பியும் காகிதமும் இல்லாமல் இதைச் சொன்ன மனிதர் அவர். களத்துக்குப் போகும் இளைஞர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் படிப்பு அந்த அறிக்கைதான்.

கருவி வந்தது ஜான் மில்னின் முயற்சியால். ஜப்பானில் சுமார் இருபது ஆண்டுகள் இருந்துவிட்டு 1895இல் இங்கிலாந்து திரும்பியவர், வைட் தீவில் ஷைட் என்ற இடத்தில் குடியேறினார். உலகெங்கும் ஒரே மாதிரிக் கருவியை வைத்து, எல்லாப் பதிவுகளையும் ஓரிடத்தில் சேர்த்தால்தான் பூமி பேசுவது புரியும் என்று முதலில் தீர்மானமாகச் சொன்னவர்களில் அவர் ஒருவர். அவருடைய கருவி பார்க்க எளிமையாக இருக்கும். படுக்கைவாட்டில் நீட்டிய மெல்லிய தண்டு. ஒரு முனை கூர்மையான ஊன்றுகோலில் நிற்கும். மேலிருந்து வரும் கம்பி தண்டைத் தாங்கும். மறுமுனையில் சிறு தகடு, அதில் ஒரு கீறல். விளக்கின் வெளிச்சம் கீறல் வழியாக இறங்கி, கடிகார விசையால் நகரும் ஒளிப்படத் தாளில் புள்ளியாக விழும். மணிக்கு ஏறத்தாழ 6 செ.மீ. நகரும் தாள். நிலம் அசைந்தால் கோடு அகலும். ஊசலை அடக்கும் ஏற்பாடு அதில் இல்லாததால், ஒருமுறை ஆடத் தொடங்கினால் நிலம் நின்ற பிறகும் ஆடிக்கொண்டிருக்கும். எங்கே அலை முடிகிறது, எங்கே ஊசலின் சொந்த ஆட்டம் தொடங்குகிறது என்று பிரிப்பது பெரும்பாடு. என்றாலும், பூமியின் மறுபக்கத்து நடுக்கத்தைக் கொடைக்கானலில் உட்கார்ந்து பார்க்கக் கிடைத்ததே, அது சின்னக் காரியமா?

1898 டிசம்பர் 1 அன்று கல்கத்தாவின் அலிப்பூரில் முதல் நிலையம் தொடங்கியது. பம்பாய் கொலாபாவும், 1899இல் கொடைக்கானலும் சேர்ந்துகொண்டன. அந்த மூன்று இடங்களையும் ஒரு கள ஆளின் கண்ணால் பார்க்க வேண்டும். அலிப்பூர் கங்கைச் சமவெளியின் வண்டல்மேல் இருக்கிறது. அங்கே கிலோமீட்டர் கணக்கில் தோண்டினாலும் கடப்பாரை பாறையில் தட்டாது. கொலாபா கடலுக்குள் நீண்ட நாக்கு. அலை மோதிக்கொண்டே இருக்கும். கொடைக்கானலுக்கு வந்த கதை வேறு. சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வகத்தின் சூரிய ஆய்வை மலைக்கு மாற்றினார்கள். அதோடு நில அதிர்வுக் கருவியும் சேர்ந்து ஏறியது. சூரியனுக்காகத் தேர்ந்த மலை, பூமிக்கும் நல்ல இடமாக அமைந்துவிட்டது. பழனி மலையின் கருங்கல் காலடியிலேயே கிடைக்கும். நகரமும் ரயிலும் துறைமுகமும் தொலைவில். மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் யோசிக்காமல் கொடைக்கானலைத்தான் சொல்வேன்.

1905 ஏப்ரல் 4 அன்று காங்ரா விழுந்தது. ஏறத்தாழ 20,000 உயிர்கள் போயின. அதன் பிறகு சிம்லாவுக்குக் கருவி வந்தது. 1934இல் பீகார், 1935இல் குவெட்டா, 1950 ஆகஸ்ட் 15 அன்று மறுபடி அசாம். ஒவ்வொன்றுக்கும் பிறகு குழு கூடியது, அறிக்கை வந்தது, இங்கொன்று அங்கொன்றாக நிலையம் கூடியது.

இந்த இடத்தில் கடிகாரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பொதுவாக எழுதுபவர்கள் ஊசலைப் பற்றி எழுதுவார்கள். களத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும், பாதி வேலை நேரத்தோடுதான். மேலோட்டில் பி அலை வினாடிக்கு ஏறத்தாழ 6 கி.மீ. ஓடும். ஒரு நிலையத்தின் கடிகாரம் ஒரு வினாடி தப்பினால், நடுக்கம் எங்கே என்று போடும் கணக்கு 6 கி.மீ. தப்பும். மில்ன் காலத்தில் தந்தி மூலம் நேரம் சரிபார்த்தார்கள். பிறகு வானொலி வந்தது. என் காலத்தில் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏடிஏ ஒலிபரப்பு இருந்தது. வினாடிக்கு ஒரு டிக். சிற்றலையில் 10 மெகாஹெர்ட்ஸில் தேடினால் கரகரப்புக்கு நடுவே அது கேட்கும். தாளை மாற்றும் முன்பும் மாற்றிய பின்பும் அந்த டிக்குகளைத் தாளிலேயே பதிய வைத்து, கருவியின் கடிகாரம் எவ்வளவு முந்துகிறது, எவ்வளவு பிந்துகிறது என்று குறிப்பேட்டில் எழுதுவோம். சில நாட்களில் ஏடிஏ கிடைக்காது. ரேடியோவோடு மொட்டைமாடிக்கு ஏறி, ஏரியல் கம்பியைத் தென்னை மட்டையில் கட்டி, இரவு பதினொரு மணிவரை காத்திருந்தவர்கள் எங்கள் குழுவில் உண்டு. 1990களில் ஜிபிஎஸ் வந்தபோது இந்தத் தலைவலி ஒரே நாளில் ஓய்ந்தது. எங்கள் தொழிலில் எனக்குத் தெரிந்து இதைவிடப் பெரிய மாற்றம் எதுவும் நடக்கவில்லை.

1960களில் நிலையங்கள் பெருகக் காரணம் நடுக்கம் அல்ல, அணுகுண்டு. நிலத்தடியில் யாராவது வெடித்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்வி அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் வந்தது. அமெரிக்கா சுமார் 120 இடங்களுக்கு ஒரே மாதிரிக் கருவித் தொகுப்பை வழங்கியது. இந்தியாவில் ஷில்லாங், டெல்லி, புனே, கொடைக்கானல் ஆகியவற்றுக்குக் கிடைத்தது. மில்ன் ஆசைப்பட்ட ஒரே மாதிரிக் கருவி என்ற கனவு அவர் இறந்து அரை நூற்றாண்டு கழித்து இப்படி நிறைவேறியது. அந்த வலைப்பின்னல் கொடுத்த துல்லியமான மையப்புள்ளிகள்தான் கண்டத்தட்டுகளின் எல்லையை உலகப் படத்தில் கோடு போட்டுக் காட்டின.

பிரிட்டனின் அணுசக்தி ஆணையத்தோடு சேர்ந்து 1965இல் நம் அணுசக்தித் துறை பெங்களூருக்கு வடக்கே கௌரிபிதனூரில் ஓர் அணிவரிசையை நிறுவியது. இருபது கருவிகள், ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு கை, ஒவ்வொரு கையும் 20 கி.மீ.க்கு மேல். குழிக்குள் இறக்கிய கருவியிலிருந்து அசைவு ரேடியோ வழியாக நடு ஆய்வகத்துக்குப் போய்ச் சேரும். ஸ்காட்லாந்தில் எஸ்க்டேல்முயர், கனடாவில் யெல்லோநைஃப், ஆஸ்திரேலியாவில் வாராமுங்கா ஆகியவை அதன் உடன்பிறப்புகள். ராகி வயலுக்கும் புளியமரத்துக்கும் நடுவே, பூட்டுப் போட்ட சிறு மூடிகளாக அந்தக் குழிகள் இருக்கும். நிலையத்தைப் பேரழிவுக்கு முன்பே வைக்க முடியும், பரந்த நிலத்தில் வைக்க முடியும், பல ஆண்டு காக்க முடியும் என்பதற்குக் கௌரிபிதனூர் ஒரு சான்று. தேவை என்று ஓர் அரசுக்குத் தோன்றினால் பணமும் ஆளும் கிடைக்கின்றன.

இனி கொய்னா. மகாராஷ்டிரத்தில் சஹ்யாத்ரி மலையில் 103 மீட்டர் உயர அணை. 1962 வாக்கில் நீர் தேங்கத் தொடங்கியதுமே அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் நிலத்துக்கடியில் உறுமல் கேட்கிறது, பாத்திரம் ஆடுகிறது என்று சொல்லத் தொடங்கினார்கள். தக்காணப் பீடபூமி அசையாத நிலம் என்று பாடப்புத்தகம் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. என்றாலும் பொறியாளர்கள் ஊர்க்காரர்களின் பேச்சை ஒதுக்கித் தள்ளவில்லை. 1963இல் அணையைச் சுற்றி நான்கு நிலையங்கள் வைத்தார்கள். நடுக்கங்கள் நீர்த்தேக்கத்தை ஒட்டியே நடக்கின்றன என்பது தெரிந்தது. அணையின் உள்ளறை ஒன்றில் வலுவான அசைவை மட்டும் பதிவுசெய்யும் முடுக்கமானியும் வைத்தார்கள்.

1967 டிசம்பர் 11 விடியற்காலை நாலேகால் மணி கடந்து, 6.3 அளவுள்ள நடுக்கம் வந்தது. கொய்னாநகரில் வீடுகள் விழுந்து சுமார் 200 பேர் இறந்தார்கள். அணையில் விரிசல் கண்டது, அணை நின்றது. உள்ளறையில் இருந்த முடுக்கமானி, புவியீர்ப்பில் 0.63 பங்கு அளவுக்கு எட்டிய அசைவைத் தாளில் வரைந்து வைத்திருந்தது. உலகெங்கும் அணை கட்டுபவர்கள் இன்றும் தங்கள் வடிவமைப்பைச் சோதித்துப் பார்க்கக் கொய்னாவின் அந்தக் கோட்டை எடுத்துக்கொள்கிறார்கள். தேக்கிய நீர் நடுக்கத்தைத் தூண்டும் என்று நம்ப மறுத்தவர்களுக்குப் பதில் சொல்ல, நீர்மட்டமும் நடுக்க எண்ணிக்கையும் கூடிக் குறைந்ததைக் காட்டும் நான்கு ஆண்டுப் பதிவு கையில் இருந்தது. நடுக்கத்தை அந்த நிலையங்கள் தடுக்கவில்லை. எந்த நிலையமும் தடுக்காது. ஆனால் 1967க்குப் பிறகு போய் வைத்திருந்தால் இந்தக் கேள்விக்கு விடையே கிடைத்திருக்காது. ஊர்க்காரர் ஒருவர் வந்து பாத்திரம் ஆடியது என்று சொன்னால் அன்றைக்கே ஒரு கருவியை வண்டியில் ஏற்ற வேண்டும் என்பதை நான் கொய்னாவிலிருந்துதான் கற்றேன்.

1993 செப்டம்பர் 30 அதிகாலை 3:56க்கு கில்லாரி. விநாயகர் ஊர்வலம் முடிந்து, சிலையைக் கரைத்துவிட்டு மக்கள் வீடு திரும்பி உறங்கிய இரவு. அளவு 6.2தான். ஆனால் ஆழம் 10 கி.மீ.க்கும் குறைவு, லாத்தூர், உஸ்மானாபாத் பக்கத்து வீடுகளோ கனத்த கல்சுவர், மேலே மரப்பலகை, அதன்மேல் தடித்த மண் கூரை. வெயிலுக்காகப் பரம்பரை பரம்பரையாகக் கட்டிய அந்தக் கூரைகளே தூங்கியவர்கள்மேல் இறங்கின. ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். பின்னதிர்வுகளைப் பதிவு செய்ய நாடு முழுவதிலிருந்தும் நிறுவனங்கள் ஜீப்புகளில் கருவியோடு கிளம்பின. எங்கள் குழுவும் போனது. மழை விடவில்லை. கரிசல் மண்ணில் சக்கரம் புதைந்து, கருவிப் பெட்டிகளைத் தலையில் சுமந்துதான் ஊருக்குள் சேர்த்தோம்.

பின்னதிர்வு நிலையம் வைப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. எஸ் அலைக்கும் பி அலைக்கும் இடைவெளி ஒரு வினாடி என்றால் நடுக்கம் சுமார் 8 கி.மீ. தூரத்தில் நடக்கிறது. இடைவெளி அரை வினாடி என்றால் கிட்டத்தட்ட நம் காலுக்கடியில். மேலோட்டமாக நடக்கும் நடுக்கத்தின் ஆழத்தைத் துல்லியமாகப் பிடிக்க, அதன் ஆழத்தின் அளவுக்காவது அருகே ஒரு நிலையம் வேண்டும். நான்கு திசையிலும் மற்றவை சூழ்ந்திருக்க வேண்டும். வரைபடத்தில் இது சுலபம். களத்தில், அந்த நான்கு திசையிலும் பாறை வேண்டும். கரிசல் நனைந்தால் வீங்கும், காய்ந்தால் வெடிக்கும். அதன்மேல் வைத்த கருவி மெல்லச் சாய்ந்துகொண்டே போகும். ஆகவே கரிசலைத் தாண்டி, உதிரும் சுக்கான் மண்ணையும் தாண்டி, கடப்பாரை கணீரென்று தட்டும் கருங்கல்வரை இறங்குவோம். தோண்டுபவர் காதால் கேட்டே சொல்லிவிடுவார்: இது உருண்டைக் கல், இது பாறை என்று. பாறையைக் கழுவி, மெல்லிய சிமென்ட் மேடை போடுவோம். அதில் இரும்புக் கம்பி கூடாது. குழியின் சுவரையோ கூடாரத்தின் தரையையோ மேடை தொடக் கூடாது. நடுவில் விரல் அளவு இடைவெளி விட்டுத் தெர்மாகோல் செருகுவோம். இல்லாவிட்டால் காற்றில் சுவர் ஆடுவதும் ஆள் நடப்பதும் நடுக்கமாகப் பதியும். பக்கத்தில் பெரிய மரம் இருந்தால் அதன் வேர் பாறை இடுக்கில் பிடித்துக்கொண்டு காற்றின் ஆட்டத்தைக் கீழே கடத்தும். பம்ப்செட், மாவு மில், தார்ச்சாலை எல்லாவற்றிலிருந்தும் விலக வேண்டும். விலகிப் போனால் காவலுக்கு ஆள் இல்லை. இந்த இழுபறியில்தான் ஒவ்வொரு இடமும் முடிவாகும்.

பதிவு கருக்கிய தாளில். எம்இக்யூ-800 என்ற பெட்டி; 12 வோல்ட் கார் பேட்டரியில் ஓடும். பளபளப்பான வெள்ளைத் தாளை உருளையில் சுற்றி ஒட்டி, மண்ணெண்ணெய்ச் சுடரின் புகையில் உருளையைச் சுழற்றிச் சுழற்றிக் கருக்க வேண்டும். குழந்தைக்குக் கண்மை தீட்டுவதுபோல மெல்லியதாக, சீராகப் படிய வேண்டும். தடித்தால் ஊசி இழுபடும். மெலிந்தால் கோடு தெரியாது. காற்றடித்தால் ஒரு பக்கம் மட்டும் கருக்கும். கருவியில் மாட்டியதும் ஊசி புகையைச் சுரண்டி வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டே நகரும். ஒரு நாள் கழித்துத் தாளை அறுத்து எடுத்து, விரல் படாமல் இரு முனையைப் பிடித்து, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கில் முக்கி, கயிற்றில் தொங்கவிட வேண்டும். காய்ந்தபின் புகை அழியாது. அந்த வாசனை, மண்ணெண்ணெயும் அரக்கும் ஸ்பிரிட்டும் கலந்தது, என் சட்டைகளில் பல ஆண்டு இருந்தது. திரையில் அலை ஓடுவதைப் பார்த்தே பழகிய இன்றைய பிள்ளைகளிடம் நான் பழைய தாள் ஒன்றைக் கொடுத்து, பின்னதிர்வு எங்கே என்று விரலால் காட்டச் சொல்வேன். தாளில் பழகிய கண்ணுக்கு லாரி எது, நடுக்கம் எது என்பதில் சந்தேகம் வராது.

நாங்கள் வைத்த ஓர் இடத்தில், நிலையத்தைப் பார்த்துக்கொண்டது ஒரு வயதான அம்மா. மாவ்ஷி என்று கூப்பிடுவோம். வீடு விழுந்து, தகரக் கொட்டகையில் இருந்தார். தாளைத் தொங்கவிட்டுக் காயவைக்கும்போது வந்து நின்று பார்ப்பார். ஒருநாள் கோடு அகன்றிருந்த இடத்தைக் காட்டி, இதுதான் நேற்றுச் சாயங்காலம் வந்தது என்று விளக்கினேன்.

“எனக்குத் தெரியும் சாஹேப். கொட்டகைத் தகரம் சொல்லிச்சு” என்றார். பிறகு, “போன வருஷத்ததெல்லாம் உங்க காகிதத்துல இருக்கா?” என்று கேட்டார்.

“போன வருஷம் என்ன மாவ்ஷி?”

“பொலா பண்டிகைக்கு மாட்டைக் குளிப்பாட்டின சமயத்துலயே ஆரம்பிச்சது. தசரா முடிஞ்சு ஜோளம் விதைச்சப்போ தினம் சத்தம். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னாடி வந்ததுதான் பெரிசு, அதுல மாட்டுக்கொட்டாய்ச் சுவர் பிளந்துபோச்சு. அப்புறம் மார்கழிக் குளிர்ல இரண்டு. வெளியிலதான் படுத்தோம். அப்புறம் நின்னுபோச்சுன்னு உள்ள போனோம்.”

அவர் சொல்லச் சொல்ல நிலையக் குறிப்பேட்டில் எழுதினேன். ஊர் திரும்பிச் சரிபார்த்தபோது, பெரிசு என்று அவர் சொன்னது 1992 அக்டோபர் 18 நடுக்கத்தோடு பொருந்தியது. அது ஹைதராபாத்தில் பதிவாகியிருந்தது. ஆனால் ஹைதராபாத் 220 கி.மீ. தள்ளி. தினம் கேட்ட சத்தத்துக்கெல்லாம் அங்கே கோடு விழாது. 1963இல் கொய்னா ஊர்க்காரர்கள் சொன்னதற்கு நான்கு நிலையங்கள் போயின. 1992இல் கில்லாரிக்காரர்கள் வெளியில் படுத்த மாதங்களில் அவர்களைச் சுற்றி அப்படி ஒரு வலைப்பின்னல் இல்லை. இருந்திருந்தால் தேதி சொல்லியிருக்க முடியாது. ஆனால் நிலத்துக்கடியில் எந்தப் பிளவு உயிரோடு இருக்கிறது, எவ்வளவு மேலே இருக்கிறது என்பது தெரிந்திருக்கும். அந்த மண் கூரைகளைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை பேச அது காரணமாகியிருக்கும். இந்த எண்ணம் வந்தால் எனக்கு இன்றும் தூக்கம் கலைகிறது.

கில்லாரிக்குப் பிறகு தீபகற்பத்து நிலையங்களை உலக வங்கியின் உதவியோடு புதுப்பித்தார்கள். அகல்அலைவரிசைக் கருவிகளும் எண்முறைப் பதிவும் வந்தன. கருவி மாறியதும் குழியின் வேலை கூடியது. மூன்று திசையில் அளக்கும் கருவியை மெய்வடக்குக்கு நேராக வைக்க வேண்டும். ஆனால் தக்காணத்துக் கருங்கல்லில் காந்தம் உண்டு, திசைகாட்டி பொய் சொல்லும். ஆகவே மேடையின்மேல் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தில் நூலின் நிழலைக் கோடாகக் கீறுவோம். இந்திய நேரம் 82½ டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது. லாத்தூர்ப் பக்கம் சூரியன் அதைவிட 23, 24 நிமிடம் தாமதமாக உச்சிக்கு வரும். அன்றைய நாளுக்கான திருத்தம் வேறு. கொத்தனாரின் ரசமட்டமும் தூக்குக்குண்டும், பல லட்ச ரூபாய்க் கருவியோடு ஒரே பெட்டியில் பயணம் போனது அதனால்தான்.

2001 ஜனவரி 26 காலை பூஜ். அந்த வருடம் குஜராத்தில் உள்நாட்டுக் குழுக்களும் அமெரிக்க, ஜப்பானியக் குழுக்களும் வைத்த தற்காலிக நிலையங்கள் ஏராளம். 2003இல் குஜராத் அரசு காந்திநகர் அருகே தனக்கென்று ஒரு நில அதிர்வு ஆய்வு நிறுவனத்தையே தொடங்கியது. 2004 சுனாமிக்குப் பிறகு ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையமும், செயற்கைக்கோள் வழியாக உடனுக்குடன் தகவல் அனுப்பும் நிலையங்களும் வந்தன. இன்று தேசிய நில அதிர்வு மையத்தின்கீழ் 150க்கு மேற்பட்ட நிலையங்கள் ஓடுகின்றன. கொய்னாவில் மேற்பரப்பின் இரைச்சலிலிருந்து தப்ப, ஒன்றரை கிலோமீட்டர் ஆழத் துளைகளுக்குள்ளேயே கருவியை இறக்கியிருக்கிறார்கள். இவை எல்லாம் எனக்கு மகிழ்ச்சி தருபவை. ஆனால் நடுங்கி முடித்த இடத்தைச் சுற்றி அடர்த்தியாகவும், நடுங்காத இடத்தில் அரிதாகவும் வைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. மூன்று ஆண்டு எதுவும் பதியாத நிலையத்தை மூடலாம் என்று யாராவது சொல்லும் கூட்டத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். எதுவும் பதியாத மூன்று ஆண்டும் ஒரு பதிவுதான் என்று சொல்லிச் சண்டை போட்டிருக்கிறேன்.

நம் பக்கத்துக்கே ஓர் உதாரணம் இருக்கிறது. 1900 பிப்ரவரி 8 அதிகாலையில் கோயம்புத்தூரில் ஏறத்தாழ 6 அளவுள்ள நடுக்கம் வந்தது. தென்னிந்தியாவின் பெரும்பகுதி அதை உணர்ந்தது. கொடைக்கானல் நிலையம் தொடங்கி ஒரு வருடம்கூட முழுதாக ஆகாத நேரம். அதற்குப் பிறகு பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் அந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை; ஊருக்கும் அது மறந்துவிட்டது. கோவை இன்று எவ்வளவு பெரிய நகரம், எத்தனை அடுக்குமாடிகள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. கணவாயைச் சுற்றி ஐந்தாறு நிலையங்களாவது நெருக்கமாக, நிரந்தரமாக வேண்டும் என்பது என் நெடுநாள் வேண்டுகோள்.

அங்கே இடம் பார்ப்பது எளிதல்ல. கணவாயில் காற்று அதிகம். பல்லடம், உடுமலைப் பக்கமெல்லாம் காற்றாலைகள். காற்றாலையின் சுழற்சி அதன் அடித்தளம் வழியாக நிலத்துக்குள் இறங்கிப் பல கிலோமீட்டர் பரவும். ஸ்காட்லாந்தில் எஸ்க்டேல்முயர் அணிவரிசைக்காக, சுற்றிலும் 10 கி.மீ.க்குள் காற்றாலையே கூடாது என்றும், 50 கி.மீ. வரை அவற்றின் மொத்த அதிர்வு ஓர் அளவைத் தாண்டக் கூடாது என்றும் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். நம் காற்றாலைகளை யாரும் அகற்றப் போவதில்லை, அகற்றவும் வேண்டாம். நாம் விலகிப் போகலாம். தெற்கே ஆனைமலை அடிவாரத்தில் வனத்துறைத் தங்குமிடங்கள் இருக்கின்றன. காவல் உண்டு, லாரி இல்லை, நல்ல பாறை மேலேயே கிடைக்கிறது. வடக்கே சிறுவாணிப் பக்கமும் அப்படித்தான். சமவெளியில் வைக்க வேண்டியவற்றுக்கு ஐம்பது, நூறு மீட்டர் துளை போட்டுக் கருவியை இறக்கிவிடலாம். ஆழ்துளைக் கிணறு போடும் வண்டிகள் அந்த வட்டாரத்தில் போதுமான அளவு உள்ளன. சரியான ஆட்கள் கூட வந்தால் ஒரு கோடைக்குள் குழிகள் தயாராகிவிடும். மழைக்கு முன் மேடை காய வேண்டும், அதனால் ஜனவரியிலேயே இடம் பார்க்கப் புறப்பட வேண்டும்.